மின்னூலுக்கும் வரிசையா? டிஜிட்டல் நூலக அட்டை வேலை செய்யும் விதம்

"லைப்ரரி கார்ட் ஒன்று எடுத்தால் உலகத்துப் புத்தகமெல்லாம் பிடிஎஃப் ஆக இறங்கும்" என்பார் ஒருவர். "எடுத்துப் பார்த்தேன், தேடின புத்தகத்துக்கு 14 கிழமை காத்திருக்கச் சொல்லுது, வெறும் பேய்க்காட்டல்" என்பார் மற்றவர். வெளிநாட்டுத் தமிழ்க் குடும்பங்களின் வாட்சப் குழுக்களில் இந்த இரண்டு பேச்சும் மாறி மாறி வரும். ஊரில் இருப்பவர்களிடமிருந்து மூன்றாவது ஒன்று: "உன்ர கார்ட் நம்பரை ஒருக்கா அனுப்பு, நானும் வாசிக்கிறன்."

மூன்றுக்கும் அடியில் கிடப்பது ஒரே குழப்பம். அந்த அட்டை எதைத் தருகிறது, எதைத் தருவதில்லை என்று யாரும் பொறுமையாகச் சொல்வதில்லை. விளம்பரப் பதாகையில் "இலவச மின்னூல்கள்!" என்று போட்டுவிட்டு நூலகங்களும் அதோடு நின்றுவிடுகின்றன.

இங்கே ரொறன்ரோ பொது நூலகத்தை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். 100 கிளைகள் உள்ள நூலகம் அது. தமிழர் பெருந்தொகையாக வாழும் நகரம். மின்னூல் இரவலில் உலகிலேயே முன்வரிசையில் நிற்கும் நூலகங்களில் ஒன்று. வேறு ஊரில் இருப்பவர்களுக்கு விதிகள் கொஞ்சம் மாறலாம்; அடிப்படை மாறாது.

அட்டைக்குள் புத்தகம் இல்லை

சங்கக்கடைக் கூப்பனை நினைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுக்காரர் ரேஷன் கார்டை நினைக்கலாம். அந்த மட்டைக்குள் அரிசி இல்லை. "இந்த வீட்டில் இத்தனை பேர் இருக்கிறார்கள், இவர்கள் இந்தக் கடையைச் சேர்ந்தவர்கள்" என்று மட்டும்தான் அது சொல்லும். அரிசிக்கான காசை அரசு ஏற்கெனவே எங்கோ கட்டியிருக்கிறது. உங்களுக்கு ஒரு அளவு உண்டு. கடையில் இருப்பு தீர்ந்தால் மட்டை கையில் இருந்தும் பலன் இல்லை, அடுத்த லொறி வரும்வரை வரிசைதான். பக்கத்து ஊர்க் கடையில் நீட்டினால் "உங்கட கடைக்குப் போங்கோ" என்பார்கள்.

டிஜிட்டல் நூலக அட்டையும் இப்படித்தான். அது ஒரு எண்; "இவர் நம்முடைய வாசகர்" என்று நூலகம் சொல்லும் உறுதிமொழி. புத்தகத்துக்கான காசை நூலகம் கட்டியிருக்கிறது, பெரும்பாலும் நகரவாசிகளின் சொத்துவரியிலிருந்து. அளவு உண்டு, இருப்பு உண்டு, ஆகவே வரிசையும் உண்டு.

ஓரிடத்தில் மட்டும் இந்த ஒப்புமை உடையும். கூப்பனுக்கு வாங்கிய அரிசி உங்கள் அரிசி, ஆக்கித் தின்னலாம். நூலகம் தரும் மின்னூல் இரவல், தவணை முடிந்ததும் திரும்பிப் போய்விடும். அது எப்படித் திரும்பிப் போகிறது என்பதைப் பிறகு பார்ப்போம்.

எண்ணும் கடவுச்சொல்லும்

வட அமெரிக்காவின் பெரும்பாலான பொது நூலக அட்டைகளில் கறுப்புக் கோடுகளுக்குக் கீழே 14 இலக்கம் இருக்கும். அதிலும் ஒரு ஒழுங்கு உண்டு. முதல் இலக்கம் 2 என்றால் அது ஒரு வாசகரின் எண். புத்தகத்தின் பின்னட்டையில் ஒட்டியிருக்கும் எண் 3 என்று தொடங்கும். அடுத்த நான்கு இலக்கம் எந்த நூலகம் என்பதைக் காட்டும். பிறகு உங்களுக்கான எட்டு இலக்கம். கடைசி இலக்கம், மற்ற இலக்கங்களை வைத்துக் கணக்குப் போட்டு வருவது. தட்டச்சும்போது ஒரு எண் பிசகினாலும் கணினி உடனே கண்டுபிடிக்க அது உதவும். எண்ணோடு ஒரு 'பின்' (PIN), அதாவது நீங்கள் மட்டும் அறிந்த இரகசிய இலக்கமும் சேரும். இந்த இரண்டும் சேர்ந்ததுதான் டிஜிட்டல் அட்டை. பிளாஸ்டிக் மட்டை வேண்டுமானால் இருக்கலாம், இல்லாவிட்டாலும் பாதகமில்லை.

பலர் கவனிக்காத ஒன்று: உங்கள் அட்டை ஓரிடத்தில் இருக்கிறது, மின்னூல்கள் இன்னோரிடத்தில் இருக்கின்றன. அட்டைக் கணக்கு நூலகத்தின் கணினியில். மின்னூல்கள் இருப்பதோ ஓவர்டிரைவ் என்ற நிறுவனத்தின் கணினிகளில். அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் 1986இல் தொடங்கிய நிறுவனம் அது. 2003இலிருந்து நூலகங்களுக்கு மின்னூல் வழங்குகிறது. அதன் கைபேசிச் செயலிதான் லிபி, 2017இல் வந்தது. பழைய ஓவர்டிரைவ் செயலியை 2023இல் மூடிவிட்டார்கள், ஆகவே அதை நிறுவச் சொல்லும் பழைய யூடியூப் காணொளிகளை விட்டுவிடுங்கள்.

லிபியில் நீங்கள் எண்ணைப் போட்டதும் அது நூலகத்தின் கணினியிடம் கேட்கும்: இப்படி ஒரு வாசகர் உண்டா, பின் சரியா, அட்டை காலாவதியாகாமல் இருக்கிறதா? "ஆம்" என்று பதில் வந்தால் கதவு திறக்கும். உங்களை யாரென்று லிபிக்கு நேரடியாகத் தெரியாது, நூலகம் சொல்வதை அது நம்புகிறது.

இந்த இரண்டும் தனித்தனி என்பது 2023 அக்டோபர் 28 அன்று ஊருக்கே தெரிந்தது. இணையத் தாக்குதல் ஒன்றில் ரொறன்ரோ நூலகத்தின் கணினிகள் முடங்கின. இணையதளம் மாதக்கணக்கில் இல்லை. திரும்பி வந்த அச்சுப் புத்தகங்களைப் பதிய வழியில்லாமல் லொறிப் பெட்டிகளில் அடுக்கி வைத்தார்கள். லிபி வழியாக மின்னூல் இரவல் எடுப்பது மட்டும் நின்றுபோகவில்லை, அது வேறு கூரையின் கீழ் இருந்தது.

இதுவரை: அட்டை என்பது எண்ணும் பின்னும். அதைத் தருவது நூலகம். மின்னூலைக் கொண்டுவந்து தருவது நூலகம் காசு கொடுத்து அமர்த்திய வேறொரு நிறுவனம்.

அட்டை எடுப்பது

இது சுலபம், ஆகவே சுருக்கமாகவே சொல்கிறேன். ரொறன்ரோவில் வசித்தாலும், வேலை செய்தாலும், படித்தாலும், சொத்து வைத்திருந்தாலும் அட்டை இலவசம். பெயரும் முகவரியும் காட்டும் ஆவணத்தோடு ஏதாவது ஒரு கிளைக்குப் போனால் கையோடு தருவார்கள். புதிதாகக் குடியேறியவர்கள் சாரதி அனுமதிப்பத்திரம் இல்லையே என்று தயங்குவதுண்டு; வேறென்ன காட்டலாம் என்று நூலகரிடமே கேளுங்கள், அது அவர்களுக்கு அன்றாடம் வரும் கேள்வி. பிள்ளைகளுக்கும் தனி அட்டை எடுக்கலாம், எடுப்பதே நல்லது.

கிளைக்குப் போகாமலே இணையத்தில் பதிந்து எடுக்கும் டிஜிட்டல் அணுகல் அட்டை என்றும் ஒன்று உண்டு. அது மின்னூலுக்கும் ஒலிநூலுக்கும் போதும். அச்சுப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோக அது போதாது. ஒருநாள் கிளைக்குப் போய் முழு அட்டையாக மாற்றிக்கொள்ள வேண்டும். "கார்ட் இருக்கு, ஆனால் புத்தகம் தரமாட்டம் என்கிறாங்கள்" என்ற முறைப்பாடு இந்த இரண்டு வகை அட்டைகளையும் ஒன்றென்று நினைப்பதால் வருவது.

முகவரியை ஏன் இவ்வளவு இறுக்கிக் கேட்கிறார்கள்? காசு நகரத்தின் வரியிலிருந்து வருகிறது என்பது ஒரு காரணம். பதிப்பகங்களோடு நூலகம் செய்யும் ஒப்பந்தமும் "எங்கள் நகரத்து வாசகருக்கு" என்ற கணக்கில்தான் இருக்கிறது என்பது மற்றது. மார்க்கம், மிசிசாகா, பிராம்ப்டன், ஏஜக்ஸ் எல்லாம் வெளியாருக்கு ஒரே ஊர்போலத் தெரிந்தாலும் நூலகங்கள் வெவ்வேறு. மார்க்கத்தில் வீடு, ரொறன்ரோவில் வேலை என்றால் இரண்டு அட்டையும் உங்களுக்கு உரியவை. லிபியில் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து வைக்கலாம். ஒரே புத்தகத்துக்கு இரண்டு இடத்திலும் வரிசையில் நிற்கலாம். ஒரு நூலகத்தில் ஐந்து மாதம் என்று காட்டும் புத்தகம் பக்கத்து நூலகத்தில் அன்றே கிடைப்பதும் உண்டு.

அட்டை எண்ணை ஊருக்கு அனுப்புவது பற்றி: தொழில்நுட்பப்படி அது வேலை செய்யும், அதுதான் சிக்கலே. விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போனால் உங்கள் அட்டையில் நீங்களே அங்கிருந்து இரவல் எடுக்கலாம், அதில் தவறில்லை. ஆனால் எண்ணும் பின்னும் நாலு பேர் கையில் இருந்தால், உங்கள் இரவல் அளவை அவர்கள் நிரப்புவார்கள், உங்கள் முன்பதிவுகளை அவர்கள் கலைப்பார்கள், அச்சுப் புத்தகக் கணக்கும் அதே எண்ணில்தான் இருக்கிறது. அட்டை ஒருவருக்கு என்றே கொடுக்கப்படுகிறது. ஊரில் இருப்பவருக்கு உதவ விரும்பினால், அட்டையே கேட்காத தமிழ் நூலகங்களைக் காட்டிக் கொடுங்கள். அவற்றுக்குக் கீழே வருகிறேன்.

ஒரு கோப்புக்கு எதற்கு வரிசை?

எல்லோரும் கோபப்படும் இடம் இது, நியாயமான கோபமும்கூட. மின்னூல் என்பது ஒரு கோப்பு. கோப்பை ஆயிரம் படி எடுக்க ஒரு நொடி போதும். பிறகு எதற்கு "உங்களுக்கு முன்னால் 100 பேர்"?

அச்சுப் புத்தகத்திலிருந்து தொடங்கலாம். நூலகம் கடையில் ஒரு புத்தகம் வாங்குகிறது. காசு கொடுத்த கணமே அது நூலகத்தின் உடைமை. கிழியும்வரை இரவல் கொடுக்கலாம், கடைசியில் பழைய புத்தக விற்பனையில் ஒரு டொலருக்குத் தள்ளலாம். பதிப்பகத்தைக் கேட்க வேண்டியதில்லை. காப்புரிமைச் சட்டம் படியெடுப்பதைத்தான் கட்டுப்படுத்துகிறது, கைமாற்றுவதை அல்ல.

மின்னூலில் கைமாற்றுவது என்ற ஒன்றே கிடையாது. எனது கணினியிலிருந்து உங்கள் கைபேசிக்கு ஒரு கோப்பு வருகிறது என்றால், உங்கள் கைபேசியில் புதிதாக ஒரு படி உருவாகிறது என்று பொருள். ஒவ்வோர் இரவலும் ஒரு படியெடுப்பு. படியெடுக்க உரிமையாளரின் அனுமதி வேண்டும். அந்த அனுமதிக்குப் பெயர் உரிமம். நூலகம் மின்னூலை வாங்குவதில்லை. இன்ன நிபந்தனையில், இன்ன காலத்துக்கு, இரவல் கொடுக்கலாம் என்ற உரிமத்தைத்தான் வாங்குகிறது.

நிபந்தனையை எழுதுவது பதிப்பகம். மிகப் பரவலான நிபந்தனை, ஓர் உரிமத்துக்கு ஒரே நேரத்தில் ஒரு வாசகர். அச்சுப் புத்தகம் ஒருவர் கையில் இருந்தால் மற்றவர் காத்திருப்பாரே, அந்த நிலையைக் கணினியில் வேண்டுமென்றே உருவாக்குகிறார்கள். கோப்புக்குப் பஞ்சம் இல்லை, பஞ்சம் எல்லாம் உரிமத்துக்குத்தான்.

அதோடு நிற்பதுமில்லை. 2011 மார்ச்சில் ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம் ஒரு விதி கொண்டுவந்தது: ஒரு மின்னூல் உரிமம் 26 இரவலோடு தீர்ந்துவிடும், பிறகு மறுபடி வாங்க வேண்டும். இரண்டு கிழமைத் தவணையில் 26 பேர் வாசித்தால் ஒரு வருடம். அந்தக் கணக்கில் பிறந்த எண் அது. நூலகர்கள் கொதித்தார்கள், விதி மாறவில்லை. பென்குயின் ராண்டம் ஹவுஸ் 2018 அக்டோபரில் நிரந்தர உரிமத்தை நிறுத்தி இரண்டு வருட உரிமத்துக்கு மாறியது, 2019இல் அஷெட்டும் அதையே செய்தது. அதே வருடம் நவம்பரில் மேக்மில்லன் இன்னும் ஒரு படி மேலே போனது: புதிய புத்தகம் வெளிவந்து முதல் எட்டு கிழமைக்கு, எவ்வளவு பெரிய நூலகமாக இருந்தாலும் ஒரே ஒரு மின்னூல் உரிமம்தான். நூலகங்கள் பல மேக்மில்லன் மின்னூல்களையே வாங்காமல் நிறுத்தின. 2020 மார்ச்சில், உலகமே கதவடைத்த நாட்களில், மேக்மில்லன் அந்த விதியைக் கைவிட்டது.

விலையும் பாருங்கள். பெரிய பதிப்பகங்கள் புதிய பிரபல நூலொன்றின் இரண்டு வருட உரிமத்துக்கு 55 முதல் 65 அமெரிக்க டொலர் வரை கேட்பது வழக்கம். அதே மின்னூலை நீங்கள் கடையில் 15 டொலர் அளவில் வாங்கிவிடலாம். இரண்டு வருடம் முடிந்ததும் நூலகத்தின் அலுமாரியிலிருந்து அது மறைந்துவிடும். போன வருடம் லிபியில் பார்த்த புத்தகம் இப்போது இல்லையே என்று தேடுபவர்களுக்குப் பதில் இதுதான்: யாரும் திருடவில்லை, உரிமம் முடிந்திருக்கிறது, மறுபடி வாங்கும் பட்டியலில் அது இடம்பிடிக்கவில்லை.

பதிப்பகங்களின் பக்க நியாயம், நூலகத்தில் ஒரு சொடுக்கில் கிடைத்தால் யாரும் கடையில் வாங்கமாட்டார்கள் என்பது. அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் காகிதம் மக்கி, முதுகு கிழிந்து, தேநீர் சிந்தி ஒரு புத்தகம் சாவதுபோல, சாகாத ஒரு பொருளுக்குத் தேதி குறித்துச் சாகடிப்பது எனக்கு இன்னமும் வேடிக்கையாகவே படுகிறது.

இப்போது காத்திருப்புக் கணக்கு. நூலகத்திடம் 10 உரிமம், உங்களுக்கு முன் 100 பேர் என்று வைப்போம். தவணை 21 நாள். 10 பேர் 10 பேராக வாசித்து முடிக்கப் பத்துச் சுற்று, எல்லோரும் கடைசி நாள் வரை வைத்திருந்தால் 210 நாள், ஏழு மாதம். சராசரியாக 12 நாளில் திருப்பிக் கொடுத்தால் 120 நாள், நாலு மாதம். ஆகவே வாசித்து முடித்ததும் "திருப்பு" என்ற பொத்தானை அழுத்துவது பின்னால் நிற்பவருக்கு உண்மையான உபகாரம். தானாகத்தானே போகும் என்று விட்டுவிடுவதால்தான் வரிசை நீள்கிறது.

எல்லாப் புத்தகத்துக்கும் இந்த வரிசை இல்லை. ஹூப்லா போன்ற சேவைகளில் வரிசையே கிடையாது, நினைத்த நேரம் எடுக்கலாம். அங்கே நூலகம் உரிமத்தை முன்கூட்டி வாங்குவதில்லை; நீங்கள் ஒன்று எடுக்கும் ஒவ்வொரு தடவையும் நூலகத்துக்குக் கட்டணம் விழும். அதனால்தான் மாதத்துக்கு இத்தனைதான் என்று கட்டுப்பாடு. லிபியில் உள்ள சஞ்சிகைகளும் காத்திருக்காமல் கிடைக்கும், அவற்றுக்கு உரிமம் வேறு மாதிரி.

சுருக்கமாக: வரிசை, கோப்பின் இயல்பால் வருவதல்ல, உரிமத்தின் நிபந்தனையால் வருவது. நூலகம் மின்னூலுக்கு உரிமையாளர் இல்லை, வாடகைக்கு இருப்பவர்.

தானாகத் திரும்பிப் போகும் புத்தகம்

தவணை நாள் வந்ததும் புத்தகம் எப்படி மறைகிறது? யாரோ உங்கள் கைபேசிக்குள் கைவிட்டு எடுப்பதில்லை. நீங்கள் இரவல் எடுக்கும்போது இரண்டு விடயம் இறங்குகிறது. ஒன்று புத்தகக் கோப்பு. அது மறையாக்கம் செய்யப்பட்டது, அதாவது திறவுகோல் இல்லாமல் திறந்தால் பொருளற்ற எழுத்துக்குவியலாகத் தெரியும்படி குழப்பப்பட்டது. மற்றது ஒரு சிறு அனுமதிச்சீட்டு; அதில் திறவுகோலும், யாருக்கு என்பதும், எந்த நாள் வரை என்பதும் இருக்கும். வாசிக்கும் செயலி ஒவ்வொரு முறையும் சீட்டைப் பார்த்துவிட்டுத்தான் பக்கத்தைத் திறக்கும். நாள் கடந்துவிட்டால் திறக்காது. இந்த ஏற்பாட்டுக்கு டி.ஆர்.எம். என்று பெயர், எண்ம உரிமைப் பூட்டு என்று சொல்லலாம்.

இதிலிருந்து இரண்டு விடயம் விளங்கும். நூலக மின்னூலை வேறொருவருக்கு மின்னஞ்சலில் அனுப்பினால் அவரால் ஏன் திறக்க முடியவில்லை என்பது ஒன்று. மின்னூலுக்கு ஏன் தாமதக் கட்டணமே கிடையாது என்பது மற்றது. தாமதிக்க வழியே இல்லை. ரொறன்ரோ நூலகம் 2022இல் அச்சுப் புத்தகங்களுக்கும் தாமதக் கட்டணத்தை நீக்கிவிட்டது, ஆனால் பழைய பயத்தில் அட்டை எடுக்காமல் இருப்பவர்களை இன்னும் காண்கிறேன்.

கையில் எடுத்து வாசிக்க

கைபேசியோ டேப்லெட்டோ இருந்தால் லிபியை நிறுவி, நூலகத்தைத் தேர்ந்து, எண்ணையும் பின்னையும் கொடுத்தால் போதும். இரவல் எடுத்த நூல் முழுவதும் கைபேசியில் இறங்கிவிட்டால் இணையம் இல்லாத இடத்திலும் வாசிக்கலாம். ஒலிநூலும் அதே செயலியில்.

வாசிப்புக் கருவி வாங்க நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். லிபியிலிருந்து கிண்டிலுக்கு அனுப்பும் வசதி அமெரிக்க நூலகங்களுக்கு மட்டுமே உண்டு. அமெரிக்க உறவினர் சொன்னார் என்று கனடாவில் கிண்டில் வாங்கிவிட்டு, நூலகப் புத்தகம் வரவில்லையே என்று நிற்பது இங்கே அடிக்கடி நடக்கிறது. கனடாவில் நூலக இரவலுக்காக வாங்குவதென்றால் கோபோ வாங்குங்கள். அது ரொறன்ரோவிலேயே தலைமையகம் உள்ள நிறுவனம். கருவிக்குள்ளேயே ஓவர்டிரைவ் கணக்கில் நுழையும் வசதி இருக்கிறது.

முன்பதிவுகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பலருக்கு வருவது கைக்கு எட்டி வாய்க்கு எட்டாத அனுபவம். வரிசையில் உங்கள் முறை வந்ததும் மூன்று நாள் அவகாசம். அதற்குள் எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் புத்தகம் அடுத்தவருக்குப் போகும், உங்கள் முன்பதிவு ஏழு நாள் ஒதுக்கிவைக்கப்படும், பிறகு மறுபடி முறை வரும். இரண்டாம் தடவையும் தவறவிட்டால் முன்பதிவே நீங்கிவிடும். நாலு மாதம் நின்றது வீண்.

இதற்கு மருந்து செயலியிலேயே இருக்கிறது. முறை வந்தும் இப்போது நேரமில்லை என்றால் "பிறகு தரவும்" என்று தள்ளிப்போடலாம், வரிசையில் உங்கள் இடம் போகாது. பிள்ளையின் பரீட்சைக் காலம், ஊர்ப்பயணம் என்று முன்கூட்டியே தெரிந்தால் முன்பதிவையே சில கிழமைக்கு நிறுத்தி வைக்கலாம், அப்போதும் வரிசையில் நீங்கள் முன்னேறிக்கொண்டுதான் இருப்பீர்கள். ஐந்து முன்பதிவும் ஒரே நாளில் வந்து விழுந்து, ஒன்றையும் வாசிக்காமல் தவணை முடிவதை இப்படித் தவிர்க்கலாம். அறிவிப்பை மட்டும் நிறுத்தி வைக்காதீர்கள்.

தவணை போதவில்லை என்றால், முடியும் நாளுக்கு மூன்று நாள் முன்பிருந்து புதுப்பிக்கப் பார்க்கலாம். யாராவது காத்திருந்தால் புதுப்பிக்க முடியாது, வரிசையின் கடைசியில் மறுபடி நிற்க வேண்டும். நீங்கள் போட்ட குறிப்புகளும் நிறுத்திய பக்கமும் அழியாமல் இருக்கும்.

ஒருநாள் திடீரென்று லிபி "அட்டையைச் சரிபார்க்கவும்" என்றால் பயப்பட வேண்டாம். நூலக அட்டைகளுக்குக் காலாவதி உண்டு. முகவரி மாறிவிட்டதா என்று பார்ப்பதற்கான ஏற்பாடு அது. நூலகத்தில் புதுப்பித்தால் லிபி தானாகச் சரியாகும். லிபியை அழித்து மறுபடி நிறுவுவதால் ஒன்றும் நடக்காது, முதலில் சொன்னதுபோல அட்டை இருப்பது அங்கே இல்லை.

தமிழ்ப் புத்தகம் கிடைக்குமா?

அச்சில் நிறையக் கிடைக்கும். ஸ்காபரோப் பக்கத்துக் கிளைகளில் தமிழ் அலுமாரிகள் உண்டு. வேறு கிளையில் உள்ளதையும் உங்கள் பக்கத்துக் கிளைக்கு வரவழைக்கலாம். லிபியில் தமிழ் மின்னூல் மிகச் சொற்பம். நூலகத்துக்கு மனமில்லாததால் அல்ல. ஓவர்டிரைவ் போன்ற விநியோகஸ்தரின் பட்டியலில் பதிப்பகம் தன் நூல்களைச் சேர்த்தால்தான் நூலகம் அங்கே உரிமம் வாங்க முடியும். தமிழ்ப் பதிப்பகங்களில் பெரும்பாலானவை அந்தப் பக்கமே போகவில்லை.

இங்கேதான் இன்னொரு வகை டிஜிட்டல் நூலகத்தைப் பிரித்தறிய வேண்டும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற பெயருள்ள இணையத்தளம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் ஆகியவற்றுக்கு அட்டை வேண்டியதில்லை, முகவரி வேண்டியதில்லை, வரிசை இல்லை. சங்க இலக்கியம் போன்ற பழைய நூல்களுக்குக் காப்புரிமை இல்லை, அல்லது காலம் முடிந்துவிட்டது. தமிழ்நாட்டில் பல எழுத்தாளர்களின் நூல்களை அரசு நாட்டுடைமையாக்கியிருக்கிறது. 'நூலகம்' தளத்தில் ஆசிரியர்களிடமும் வெளியீட்டாளர்களிடமும் அனுமதி பெற்ற ஈழத்து நூல்கள், இதழ்கள், மலர்கள் கிடக்கின்றன. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த ஒரு சமூகம் இப்படியொன்றைக் கட்டியெழுப்பியதில் வியப்பில்லை. சிங்கப்பூரிலும் அந்நாட்டுத் தமிழ் இலக்கியத்தை மின்வடிவமாக்கி 2015இல் நாட்டின் ஐம்பதாண்டு நிறைவுக்குக் கொடுத்தார்கள். இவையெல்லாம் திறந்த ஆவணகங்கள். இறக்கிய கோப்பை வைத்துக்கொள்ளலாம், தவணை கிடையாது.

ஆக, காப்புரிமை முடிந்த அல்லது அனுமதி பெற்ற நூலுக்கு ஆவணகம், அட்டை வேண்டாம். காப்புரிமை உள்ள புதிய நூலுக்கு இரவல் நூலகம், அட்டை வேண்டும்.

நடுவில் ஒரு வழி இருக்கிறதா என்று பார்த்தது அமெரிக்காவின் இண்டர்நெட் ஆர்க்கைவ். தங்களிடம் உள்ள ஓர் அச்சுப் புத்தகத்தை மின்பதிவு செய்து, அச்சுப் படியை எடுத்து வைத்துவிட்டு, அதற்கு ஈடாக ஒரு மின்படியை ஒருவருக்கு மட்டும் இரவல் கொடுப்பது. பதிப்பகத்திடம் உரிமம் வாங்குவதில்லை. 2020 மார்ச்சில் கொள்ளைநோயைக் காரணம் காட்டி ஒருவருக்கு ஒன்று என்ற கட்டுப்பாட்டையும் நீக்கினார்கள். ஜூனில் நான்கு பெரிய பதிப்பகங்கள் வழக்குப் போட்டன. 2023 மார்ச்சில் தீர்ப்பு பதிப்பகங்கள் பக்கம். 2024 செப்டம்பரில் மேன்முறையீட்டிலும் அதுவே நிலைத்தது. அச்சுப் புத்தகம் கையில் இருந்தாலும் அதன் மின்படியை இரவல் கொடுக்கத் தனி உரிமம் வேண்டும் என்பதுதான் அங்கே இன்றைய நிலை. லட்சக்கணக்கான நூல்கள் அந்த இரவல் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டன. டெலிகிராம் குழுக்களில் சுற்றும் புதிய தமிழ் நாவல்களின் பிடிஎஃப்களை இந்த மூன்று வகையிலும் சேர்க்க முடியாது, அவற்றை யாரும் அனுமதிக்கவில்லை.

லிபியில் இல்லாத ஒரு நூலை நூலகம் வாங்க வேண்டும் என்று நினைத்தால், தேடல் முடிவில் அந்தத் தலைப்பு தெரிந்தால் "எனக்கு அறிவிக்கவும்" என்பதை அழுத்துங்கள். எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பது நூலகத்துக்குத் தெரியும். தலைப்பே தெரியவில்லை என்றால் அது விநியோகஸ்தரிடம் இல்லை என்று அர்த்தம். அப்போது நூலகரிடம் கேட்டுப் பயனில்லை, பதிப்பாளரிடமோ எழுத்தாளரிடமோதான் கேட்க வேண்டும்: உங்கள் புத்தகம் ஏன் நூலகப் பட்டியலில் இல்லை?